முதலில் ஒன்றைச் சுட்டுப் பார்!

ஓவனுக்குள் நான் வைத்தது 12 குக்கீகள். வெளியே எடுத்தபோது இருந்தது ஒன்றே ஒன்று.

பன்னிரண்டும் உருகி ஓடி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டின் நான்கு ஓரங்களையும் தொட்டபடி பெரிய அப்பளம்போல் கிடந்தன. சாக்லேட் துண்டுகள் மட்டும் ஆங்காங்கே மேடுகளாக நின்றன. தம்பி எட்டிப் பார்த்தான். “அக்கா, இது குக்கீயா, சிங்கப்பூர் வரைபடமா?” என்று கேட்டுவிட்டு, ‘ஜூரோங்’ இருந்த பக்கத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அது கடந்த செப்டம்பர் மாதம். பல்கலைக்கழகத்தில் தவணை நடுவே ஒரு வார விடுமுறை. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அதற்குள் சாக்லேட் சிப் குக்கீ செய்யக் கற்றுக்கொண்டு அண்டைவீடுகளுக்குக் கொடுக்கப்போவதாக வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

தீபாவளிக்குக் குக்கீயா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

பலகாரத் தட்டில் ஒரு வெற்றிடம்

எங்கள் வீவக புளோக்கில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றும் எங்கள் தளம் முழுவதற்கும் பொதுவானவை. எதிர்வீட்டு மக்சிக்கிடமிருந்து குவே வரும். ஓரத்து வீட்டு ஆன்ட்டியிடமிருந்து அன்னாசிப்பழ டார்ட் வரும். அவற்றுக்கு எங்கள் வீட்டின் பதில் பாட்டியின் முறுக்கு. நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலை என்னுடையது.

இரண்டு ஆண்டுகளாகப் பாட்டிக்கு மணிக்கட்டில் வலி. முறுக்கு அச்சை அழுத்த முடியவில்லை. அதனால் லிட்டில் இந்தியாவுக்குப் போய் முறுக்கும் அதிரசமும் வாங்கி வந்தோம். கடை முறுக்கில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் ஆண்டு மக்சிக் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “பாட்டி நலமா?” என்று கேட்டார். சுவையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தட்டில் வீட்டில் செய்த பொருள் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று நினைத்தேன். முறுக்கு எனக்குக் கடினமாகத் தோன்றியது. அதற்கு எழுதிவைத்த அளவுகூட எங்கள் வீட்டில் கிடையாது. குக்கீக்கோ ஆயிரக்கணக்கான செய்முறைகள் இருக்கின்றன. அளவு, நேரம், வெப்பநிலை எல்லாம் எண்களாகவே இருக்கும். எண்களைப் பார்த்துச் செய்வதில் என்ன தவறு நேர்ந்துவிடும்?

மூன்று முயற்சிகள், மூன்று ஏமாற்றங்கள்

மிகவும் புகழ்பெற்ற ஒரு செய்முறையிலிருந்தே தொடங்கினேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் ‘டோல் ஹவுஸ்’ விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930களில் உருவாக்கியது அது. இரண்டேகால் கப் மைதா, ஒரு கப் வெண்ணெய், முக்கால் கப் வெள்ளைச் சீனி, முக்கால் கப் பழுப்புச் சீனி, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா, உப்பு, வெனிலா, இரண்டு கப் சாக்லேட் சிப்ஸ். 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடம். எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொண்டேன். மக்சிக்கும் சாப்பிடவேண்டும் என்பதால் ஹலால் முத்திரை பார்த்துப் பொருள்களை வாங்கினேன்.

அதன் விளைவுதான் அந்தச் ‘சிங்கப்பூர் வரைபடம்’.

மறுநாள், மாவு குறைவாக இருந்ததுதான் காரணம் என்று முடிவுசெய்து இன்னும் அரை கப் மைதா சேர்த்தேன். இனிப்பு அதிகம் என்று அம்மா சொன்னதால் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். ஓரம் கருகியதால் சூட்டையும் குறைத்தேன். இம்முறை குக்கீகள் பரவவே இல்லை. உருட்டி வைத்த உருண்டைகள் உருண்டைகளாகவே வெளியே வந்தன. அப்பா ஒன்றை மேசையில் தட்டிப் பார்த்தார். ‘டொக்’ என்று சத்தம் வந்தது. அவர் எதுவும் சொல்லாமல் அதைத் தேநீரில் முக்கி வைத்தார். ஐந்து நிமிடம் கழித்தும் அது அப்படியே இருந்தது.

மூன்றாவது முறை, குக்கீ உப்ப வேண்டுமானால் ஆப்பச்சோடாவைக் கூட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மடங்கு போட்டேன். கரும்பழுப்பு நிறத்தில் பார்க்க அழகாக இருந்தன. கடித்ததும் நாக்கில் சவர்க்காரச் சுவை. தம்பிகூட இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

அன்று இரவு குப்பைத் தொட்டியின் முன்னால் நின்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் 24 குக்கீகள். மூன்று முறைக்கு 72. வெண்ணெயும் சாக்லேட்டும் மலிவான பொருள்கள் அல்ல. பகுதிநேரமாகத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த காசு அது.

பாட்டி கேட்ட ஒரே கேள்வி

பாட்டி அதுவரை எதுவும் சொல்லவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏன் கண்ணு, முதல்ல ஒண்ணு சுட்டுப் பாத்தியா?”

“ஒண்ணா? எதுக்குப் பாட்டி?”

“எதுக்கா? முறுக்கு சுடறப்ப மாவு முழுசையும் ஒரே தடவையில புழிஞ்சா ஊத்துவாங்க? முதல்ல ஒண்ணு போடணும். அது எண்ணெயில பிரிஞ்சு போச்சுன்னா வெண்ணெய் அதிகம். இன்னும் கொஞ்சம் அரிசி மாவு சேக்கணும். கல்லு மாதிரி வந்துச்சுன்னா வெண்ணெய் பத்தல. அந்த ஒண்ணு சொல்றதக் கேட்டுட்டுத்தான் மிச்சத்தப் போடணும்.”

நான் குழாயை மூடினேன். பாட்டி சொன்னது முறுக்கைப் பற்றி. ஆனால் என் முதல் தட்டு பரவிப்போனதற்கும் இரண்டாவது தட்டு கல்லானதற்கும் அதே விளக்கம்தான். மாவுக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதம் எண்ணெயில் தெரிவதுபோல் ஓவனிலும் தெரிகிறது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. தொடக்கக்கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வில் ‘மற்ற மாறிகளை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றவேண்டும்’ என்று எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வீட்டுச் சமையலறையிலோ மாவு, சீனி, சூடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். இரண்டாவது தட்டு எதனால் கல்லானது என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தேர்வுத்தாளில் இருந்த அறிவு அடுப்படிக்கு வரவில்லை.

பாட்டி தேர்வெழுதியவர் அல்லர். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் சோதனை செய்திருக்கிறார்.

‘விபத்து’ அல்ல, முயற்சி

அதன்பிறகுதான் இந்தக் குக்கீயின் கதையைத் தேடிப் படித்தேன். ரூத் வேக்ஃபீல்ட் சாக்லேட்டைத் துண்டாக்கி மாவில் போட்டார், அது உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தார், உருகாமல் நின்றதால் தற்செயலாகப் புதிய குக்கீ பிறந்தது என்ற கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வேக்ஃபீல்ட் மனையியல் படித்தவர். பின்னாளில் அவரே தந்த விளக்கம் வேறு. விடுதியில் ஐஸ்கிரீமுடன் ஒரு மெல்லிய குக்கீயைக் கொடுத்து வந்தார்கள். அது எல்லாருக்கும் பிடித்திருந்தாலும், புதிதாக ஒன்றைத் தர வேண்டும் என்று எண்ணியே இதை உருவாக்க முயன்றார்.

1938ல் வெளிவந்த அவரது சமையல் புத்தகப் பதிப்பில் இந்தச் செய்முறை இடம்பெற்றது. மறு ஆண்டே நெஸ்லே நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, சாக்லேட் பொட்டலத்தின் மீதே அது அச்சாகத் தொடங்கியது. விபத்து என்று சொன்னால் கதை சுவையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதை, ஒருவர் அறிந்தே செய்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

நம் காலத்தில் ஜே. கென்ஜி லோபெஸ்-ஆல்ட் என்ற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர், இந்தக் குக்கீயின் ஒவ்வொரு பொருளும் என்ன செய்கிறது என்று கண்டறிய நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து, 1,500க்கும் அதிகமான குக்கீகளைச் சுட்டார். 2013ல் வெளிவந்த அவரது கட்டுரையைப் படித்தபோது, என் 72 குக்கீகள் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தன.

‘அறை வெப்பநிலை’ யாருடைய அறை?

பாட்டியின் முறைப்படி மீண்டும் தொடங்கினேன். ஒரே ஒரு முறை மாவு பிசைந்து 24 உருண்டைகளாக உருட்டி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாலையும் இரண்டு அல்லது மூன்று மட்டும். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. விடையை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

முதல் கேள்வி வெண்ணெய். செய்முறைகள் எல்லாம் ‘அறை வெப்பநிலையில் உள்ள மென்மையான வெண்ணெய்’ என்கின்றன. நானும் வெண்ணெயை இரண்டு மணி நேரம் மேசைமேல் வைத்திருந்தேன். ஆனால் அந்தச் செய்முறைகள் எழுதப்பட்டது குளிர்நாட்டுச் சமையலறைகளில். அங்கே அறை வெப்பநிலை என்றால் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். நம் வீட்டில் பிற்பகலில் 30 டிகிரி. வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரிக்குள் முழுமையாக உருகிவிடும். அதாவது என் வெண்ணெய் மென்மையாக இல்லை, ஏறக்குறைய உருகியே விட்டது. சீனியுடன் சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்க அதனால் முடியவில்லை. ஓவனில் மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் ஓடிவிட்டது.

ஒரே மாவில் மூன்று உருண்டைகளை ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன். குளிரவைக்காதது 10 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவியது. அரை மணி நேரம் குளிரவைத்தது 8 சென்டிமீட்டர். ஓர் இரவு முழுவதும் குளிரவைத்தது 7 சென்டிமீட்டர். அந்த மூன்றாவதுதான் முதன்முறையாகக் ‘குக்கீ’ என்று அழைக்கத்தக்கதாக இருந்தது. குளிரில் வெண்ணெய் இறுகுகிறது. முட்டையில் உள்ள ஈரத்தை மாவு மெதுவாக உறிஞ்சிக்கொள்கிறது. நிறமும் சுவையும் கூடுகின்றன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2008ல் வெளியிட்ட புகழ்பெற்ற குக்கீ கட்டுரை, மாவை 36 மணி நேரம் குளிரவைக்கச் சொன்னதன் காரணமும் இதுவே.

இரண்டாவது கேள்வி ‘கப்’. பாதி அளவுக் கணக்கில் எனக்கு ஒரு கப்புக்குச் சற்று அதிகமாக மைதா தேவை. அந்த ஒரு கப் மைதா எவ்வளவு எடை என்று அறிய, அம்மாவின் சமையலறைத் தராசில் ஐந்து முறை அள்ளி நிறுத்தேன். 128, 141, 150, 134, 146 கிராம் என்று ஐந்து முறையும் ஐந்து விடைகள். அள்ளும் விதம், அழுத்தும் விதம் இரண்டும் அளவை மாற்றுகின்றன. போதாக்குறைக்கு, அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலிட்டர். என் கையில் இருந்ததோ 250 மில்லிலிட்டர் கப். அன்றிலிருந்து கப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிராமில் மட்டுமே அளக்கிறேன்.

மூன்றாவது கேள்வி ஓவன். பேக்கிங் பொருள்கள் விற்கும் கடையில் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே வைத்தேன். 190 டிகிரிக்குத் திருகி, சிறிது நேரத்தில் விளக்கு அணைந்ததும் பார்த்தால் உள்ளே 165 டிகிரி. சூடு போதாவிட்டால் குக்கீயின் ஓரம் இறுகத் தாமதமாகும். அதற்குள் வெண்ணெய் பரவிவிடும். இருபது நிமிடம் காத்திருந்த பிறகுதான் உண்மையான சூடு வந்தது. மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்களில் இப்படி நடப்பது புதிதல்ல.

நான்காவது கேள்வி சீனி. அதைக் குறைத்தால் இனிப்பு மட்டும்தான் குறையும் என்று நினைத்திருந்தேன். தவறு. சீனி ஓவனில் உருகிக் குக்கீயைப் பரவச்செய்கிறது, ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. அதனால்தான் சீனியைப் பாதியாக்கிய என் இரண்டாவது தட்டு வறண்டு போயிருக்க வேண்டும். வெள்ளைச் சீனி மட்டும் போட்டால் மொறுமொறுப்பு. பழுப்புச் சீனியில் கரும்புப்பாகு இருப்பதால் குக்கீயின் நடுப்பகுதி மென்மையாகிறது. அந்தப் பாகில் உள்ள இலேசான அமிலத்தோடு சேர்ந்துதான் ஆப்பச்சோடா வாயுவை உண்டாக்குகிறது. அமிலம் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோடாதான் சவர்க்காரச் சுவை. மூன்றாவது தட்டின் மர்மமும் விலகியது.

எல்லாச் சோதனையும் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கவேண்டாம். தேக்கா சந்தையில் குலா மலாக்கா வாங்கி, பழுப்புச் சீனிக்குப் பதிலாகப் போட்டேன். வீடே மணந்தது. இதுதான் நம் ஊர்க் குக்கீ, எல்லாரும் பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் சரியாகத் துருவாததால் கட்டிகள் கருகி, கடிக்கும்போது கசந்தன. புத்தகத்தில் அதையும் எழுதினேன்: ‘வாசனை 10, சுவை 4.’

தோல்விக்கு இடம் தரும் சமையலறை

இந்தச் சமயத்தில் ஒன்றைக் கவனித்தேன். முதல் மூன்று முறை தோற்றபோது எனக்கு அழுகை வராத குறை. பிறகு எத்தனையோ குக்கீகள் கெட்டுப்போயின. ஆனால் அவ்வளவு வருத்தம் இல்லை. ஏன்?

24 குக்கீகளையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளும்போது, அது தேர்வு. ஒன்றே ஒன்றைச் சுடும்போது, அது கேள்வி. தேர்வில் தோற்கலாம். கேள்வியில் விடை மட்டும்தான் கிடைக்கும்.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு முதல் வகைதான் பழக்கம். பிஎஸ்எல்இ ஒரு முறை, ‘ஓ’ நிலை ஒரு முறை, ‘ஏ’ நிலை ஒரு முறை. ஒவ்வொன்றிலும் முழு மாவையும் ஒரே தட்டில் வைக்கிறோம். 15 வயது மாணவர்களிடையே 2018ல் நடத்தப்பட்ட பிசா அனைத்துலக ஆய்வில், படிப்பில் முன்னணியில் இருந்த சிங்கப்பூர் மாணவர்கள், தோல்வி குறித்த அச்சத்திலும் ஓஇசிடி நாடுகளின் சராசரியைத் தாண்டியிருந்தார்கள். ‘கியாசு’ என்று சொல்லி நாமே சிரித்துக்கொள்கிறோம். ஆனால் புதிய விளையாட்டு, புதிய மொழி, மேடைப்பேச்சு என்று எதையாவது தொடங்கி, முதல் முயற்சி சரியில்லை என்றதும் ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். எனக்கு அப்படி ஒரு வீணை அனுபவம் உண்டு. அது இன்னும் உறை பிரிக்காமல் அறை மூலையில் நிற்கிறது.

தேர்வு முறையை நானோ நீங்களோ நாளைக்கே மாற்றிவிட முடியாது. ஆனால் தேர்வு அல்லாதவற்றையும் தேர்வாக நினைத்துக்கொள்வதை நிறுத்தலாம். ஒரு பெரிய கட்டுரை எழுதும் முன் ஒரு பத்தியை மட்டும் எழுதி ஆசிரியரிடம் காட்டலாம். ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் விடுமுறையில் இரண்டு வாரம் அந்த வேலையைச் செய்து பார்க்கலாம். ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது கோழைத்தனம் அல்ல. மிச்ச மாவைக் காப்பாற்றும் வழி.

நீங்களும் முயல விரும்பினால்

நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெண்ணெயைப் பத்து, பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், பளபளக்கக் கூடாது. மைதாவைக் கிராமில் அளந்துகொள்ளுங்கள். உருட்டிய மாவைக் குறைந்தது ஓர் இரவு குளிரவையுங்கள். இரண்டு, மூன்று நாள்களுக்கு மேல் வைப்பதாக இருந்தால் உறைபெட்டியில் வைப்பது நல்லது. ஓவனை இருபது நிமிடமாவது சூடாக்குங்கள். நடுப்பகுதி இன்னும் வேகாததுபோல் தோன்றும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். பச்சை மாவைச் சுவைத்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். பச்சை முட்டையிலும் பச்சை மைதாவிலும் கிருமிகள் இருக்கலாம்.

முக்கியமாக, மிச்சத்தைச் சுடும் முன் ஒன்றைச் சுட்டுப் பாருங்கள்.

தட்டு மீண்டும் புறப்பட்டது

தீபாவளிக்கு முந்திய நாள் 60 குக்கீகள் சுட்டேன். எல்லாமே நன்றாக வந்தன. மகிழ்ச்சியில் சூடு ஆறும் முன்பே டப்பாக்களில் அடைத்து மூடினேன். மறுநாள் அதிகாலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து திறந்து பார்த்தால், அத்தனையும் நமத்துப்போயிருந்தன. உள்ளே இருந்த ஆவி வெளியேற வழியில்லாமல் குக்கீகளுக்குள்ளேயே இறங்கியிருந்தது. முறுக்கை ஆறவைக்காமல் டப்பாவில் போடக்கூடாது என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் குக்கீ என்றால் வேறு என்று நினைத்துவிட்டேன்.

இம்முறை பதற்றப்படவில்லை. ஒன்றை எடுத்து ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவைத்துக் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுப்பு திரும்பியிருந்தது. பிறகுதான் மிச்ச 59.

மக்சிக் கதவைத் திறந்தார். தட்டில் கடை முறுக்கும், அதன் பக்கத்தில் என் குக்கீகளும் இருந்தன. ஒன்றைக் கடித்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். “நான்தான்” என்றேன். “முதல் முறையா?” என்றார். முதல் முறை எப்படி இருந்தது என்று கைப்பேசியில் படம் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முதல் அன்னாசிப்பழ டார்ட் எப்படிக் கருகியது என்ற கதையைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாகப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். கெட்டுப்போன பலகாரத்தைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகப் பேசினோம்.

பாட்டியிடமும் ஒன்றைக் கொடுத்தேன். மெதுவாக மென்றார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா முறுக்கு இல்லையே” என்றார்.

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. எண்கள் இருக்கின்றன என்பதற்காகக் குக்கீயைத் தேர்ந்தெடுத்தேன். எண்கள் இல்லாத செய்முறை பாட்டியின் கைகளில் மட்டுமே இருந்தது. அந்தக் கைகளுக்கு இப்போது வலி.

தேர்வுகள் முடிந்த டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தராசை மேசைமேல் வைத்தேன். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுத்தம் மாவையும் முன்னால் வைத்தேன். “எப்பவும் போடற மாதிரி போடுங்க பாட்டி. நான் அளந்துக்கறேன்” என்றேன். பாட்டி உளுத்தம் மாவை ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் போட்டார். 41 கிராம். அடுத்த பிடி 40. அதற்கடுத்தது 41.

என் அளவுக் கப்பைவிடப் பாட்டியின் கை துல்லியமானது.

பாட்டி சொல்லச் சொல்ல நான் பிசைந்தேன். நானே அச்சை அழுத்தினேன். முதல் முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் நாலாபக்கமும் பிரிந்து ஓடியது. நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தார்.

“எழுதிக்கோ” என்றார். “வெண்ணெய் அதிகம்.”